பென்சீன் வளையமும் ஒரு தீர்மானமும்

1951 ஜூன் 11. சோவியத் அறிவியல் கழகத்தின் வேதியியல் பிரிவு மாஸ்கோவில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பேராசிரியர்கள், ஆய்வகத் தலைவர்கள், தத்துவத் துறைக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் வந்திருந்தார்கள். கரிம வேதியியலில் மூலக்கூறின் அமைப்பை எப்படி விளக்க வேண்டும் என்று நான்கு நாள் பேசினார்கள். கடைசியில் தீர்மானம் போட்டார்கள்: அமெரிக்கரான லைனஸ் பாலிங் முன்வைத்த உடனிசைவுக் கோட்பாடு தவறானது, அது கருத்துமுதல்வாதம் (பொருளைவிடக் கருத்தே முதன்மை என்னும் தத்துவம்; பொருளே முதன்மை என்னும் மார்க்சியப் பொருள்முதல்வாதத்துக்கு எதிரானது), சோவியத் வேதியியலில் அதற்கு இடமில்லை. ஸ்டாலினுக்கு ஒரு கடிதமும் எழுதினார்கள்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். பென்சீன் பாடம் எடுக்காமல் எனக்கு ஓர் ஆண்டுகூடப் போவதில்லை. அதனால் இந்த நான்கு நாளைப் பற்றி முதலில் படித்தபோது, கரும்பலகையில் நான் தினமும் போடுகிற ஒரு படத்துக்கு ஒரு நாட்டில் தடை இருந்திருக்கிறது என்பது மனத்தை விட்டுப் போகவே இல்லை. கம்யூனிச ஆட்சியில் பல்கலைக்கழக வேதியியல் எப்படி இருந்தது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

வேதியியல் படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பென்சீனில் ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக நிற்கின்றன. காகிதத்தில் வரையும்போது ஓர் இரட்டைக் கோடு, ஓர் ஒற்றைக் கோடு என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். இரட்டைக் கோடுகளை இடம் மாற்றிப் போட்டால் இன்னொரு படம் கிடைக்கும். இரண்டு படத்தில் எது சரி? இரண்டும் இல்லை. அளந்து பார்த்தால் ஆறு பிணைப்பும் ஒரே நீளம், 1.39 ஆங்ஸ்ட்ராம். ஒற்றைப் பிணைப்பைவிடக் குட்டை, இரட்டைப் பிணைப்பைவிட நீளம். உண்மையான மூலக்கூறை ஒரே படத்தில் காட்ட நம் பழைய கோடுகளால் முடியாது. அதனால் இரண்டு படத்தையும் போட்டு நடுவில் இருமுனை அம்புக்குறி ஒன்றை வைத்து, உண்மை இவை இரண்டும் சேர்ந்த ஒன்று என்கிறோம். இதைக் குவாண்டம் இயந்திரவியலின் கணக்கோடு பொருத்தி 1930களில் பாலிங் வளர்த்தெடுத்ததுதான் உடனிசைவுக் கோட்பாடு.

வகுப்பில் இதை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவரோ மாணவியோ கையைத் தூக்கிவிடுவார்கள். "சார், இந்த ரெண்டு படமும் நிஜத்துல இல்லைன்னா எதுக்கு சார் வரையறோம்?" அருமையான கேள்வி. மாஸ்கோவில் 1949இலிருந்து கேட்கப்பட்டதும் அடிப்படையில் இதே கேள்விதான். இல்லாத அமைப்புகளைக் கற்பனை செய்து, அவற்றின் கலவையிலிருந்து இருக்கும் பொருளின் குணத்தை விளக்குவது எப்படிப் பொருள்முதல்வாதம் ஆகும் என்று கேட்டார்கள். பாலிங்கின் கூட்டாளி வீலண்ட், உடனிசைவு என்பது மூலக்கூறுக்குள் இருக்கும் ஒரு குணம் அல்ல, வேதியியலாளன் தன் வசதிக்காக உண்டாக்கிக்கொண்ட கருத்து என்று தன் நூலில் எழுதியிருந்தார். எதிர்த்தவர்களுக்கு அது கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பாலிங் அப்படிப் பார்க்கவில்லை. ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும்கூட மனிதன் உண்டாக்கியவைதானே, உடனிசைவை மட்டும் தனியாகக் குற்றம் சொல்வானேன் என்பது அவர் நிலை. அவருக்கும் வீலண்டுக்கும் இடையே இது பற்றிக் கடிதப் போக்குவரத்தே நடந்தது.

இப்படி இரண்டு பேர் கடிதத்தில் வாதாடிக்கொள்வது அறிவியலுக்கு நல்லது. ஒரு வகுப்பறை முழுதும் வாதாடினால் இன்னும் நல்லது. மாஸ்கோவில் நடந்தது வேறு. ஒரு நல்ல கேள்வியை எடுத்து, அதற்கு அரசியல் முத்திரை குத்தி, கை தூக்கி முடிவு செய்தார்கள். முடிவு செய்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாமல் போனது. என் மனத்தில் தைக்கும் இடம் இதுதான்.

ஏன் 1951? அதற்கு 1948க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில் வேளாண் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில், ஸ்டாலினின் ஆதரவோடு, வேளாண் விஞ்ஞானி லைசென்கோ மரபியலையே அடித்து வீழ்த்தினார். பல்கலைக்கழகங்களில் மரபியல் துறைகள் கலைக்கப்பட்டன, பேராசிரியர்கள் வேலை இழந்தார்கள். மற்றத் துறைக்காரர்கள் எல்லோரும் அடுத்தது நாமா என்று பார்த்தார்கள். சிலர் அதையே வாய்ப்பாகவும் பார்த்தார்கள். ராணுவ வேதியியல் கழகம் ஒன்றில் பேராசிரியராக இருந்த செலின்ட்செவ் 1949இல் ஒரு நூல் எழுதி, உடனிசைவை மட்டுமல்லாமல் சோவியத்தின் முன்னணிக் கரிம வேதியியலாளர்கள் பலரையும் சேர்த்துத் தாக்கினார். தன்னுடைய கோட்பாடுதான் உண்மையான பொருள்முதல்வாத வேதியியல் என்றார். அதே ஆண்டில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாதெவ்ஸ்கியும் ஷாக்பரோனோவும் ஒரு தத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். உடனிசைவு என்பது கருத்துமுதல்வாதம் என்று லெனின் தாக்கிய, ஆஸ்திரிய இயற்பியலாளர் மாக்கின் தத்துவத்தை வேதியியலுக்குள் கொண்டுவருவது, சோவியத் நாட்டிலேயே அதைப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று.

பரப்புகிறவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் சிர்கினும் தியாத்கினாவும். யாகோவ் சிர்கின் மாஸ்கோவில் பேராசிரியர். மீரா தியாத்கினா அவரோடு வேலை செய்த குவாண்டம் வேதியியலாளர். இருவரும் சேர்ந்து எழுதிய வேதிப்பிணைப்பு பற்றிய பாடநூல் 1946இல் வந்தது. அவர்கள் ரஷ்ய மொழியில் பெயர்த்த பாலிங்கின் நூல் 1947இல் வந்தது. போர் முடிந்து, பசியும் குளிருமாக இருந்த வகுப்பறைகளுக்கு உலகின் புதிய வேதியியலை உடனடியாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். நல்ல ஆசிரியர்கள் செய்யும் வேலை அதுதான். அதற்கே அவர்களை மேடையில் ஏற்றித் தவறை ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். அவர்களின் பாடநூலை 1950இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேற்கு நாடுகளில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த மாநாடு வேதியியலை லைசென்கோவின் கையில் கொடுக்கவில்லை. செலின்ட்செவ் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவருடைய சொந்தக் கோட்பாட்டையும் மாநாடு நிராகரித்துவிட்டது. நெஸ்மேயானோவ் போன்ற மூத்த வேதியியலாளர்கள் கணக்குப் போட்டுத்தான் நடந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். உடனிசைவு என்ற பெயரையும் படத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். குவாண்டம் இயந்திரவியலைக் காப்பாற்றினார்கள். கசானைச் சேர்ந்த புட்லெரோவ் 1861இல் வெளியிட்ட வேதி அமைப்புக் கோட்பாட்டை முன்னே நிறுத்தினார்கள். அவர் மாணவர் மார்க்கோவ்னிக்கோவ் வளர்த்த, அணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்ற கருத்தைப் பாடநூல்களில் உடனிசைவு இருந்த இடத்தில் வைத்தார்கள். எலக்ட்ரான் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வளைந்த அம்புக்குறிகளால் காட்டினார்கள். வேதியியலின் பெரும்பகுதி தப்பியது. யாரையும் சுடவில்லை, துறைகளைக் கலைக்கவில்லை.

அதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. நானும் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என் மாணவர்களைக் காப்பாற்ற அதைவிட நன்றாக ஏதாவது செய்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் விலை கொடுக்காமல் இல்லை. ஒரு சூத்திரத்தைப் பலகையில் எழுதுமுன், இது சரியா என்று யோசிக்க வேண்டிய ஆசிரியர் இது அனுமதிக்கப்பட்டதா என்று யோசிக்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை மாணவர்கள் பாடத்தைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். பாடநூலைத் திருத்த ஒரு பதிப்பு போதும். இந்தப் பழக்கம் போவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாஸ்கோவில் பாலிங்கைக் கருத்துமுதல்வாதி என்று திட்டிய அடுத்த ஆண்டே, 1952இல், அமெரிக்க அரசு அவரைக் கம்யூனிச அனுதாபி என்று சந்தேகப்பட்டு, லண்டன் கூட்டத்துக்குப் போகப் பாஸ்போர்ட் தர மறுத்தது. 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1958இல் சோவியத் அறிவியல் கழகமே அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இதற்கெல்லாம் பின்னால் இருந்த கல்வியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாநாட்டை மட்டும் சொன்னால் கதை பாதிதான். அந்தக் கல்வி சாதாரணமானதல்ல.

1918 ஆகஸ்டில் லெனின் அரசு ஓர் ஆணை போட்டது. 16 வயது நிறைந்த யாரும், பள்ளிச் சான்றிதழ் இல்லாமலேயே, பல்கலைக்கழகத்தில் சேரலாம். கனவு பெரியது. ஆனால் பின்னம் போடத் தெரியாதவரை வைத்துக்கொண்டு இயற்பிய வேதியியல் நடத்த முடியாது. அடுத்த ஆண்டே தொழிலாளர் ஆயத்தப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். ரப்ஃபாக் என்று பெயர். ஆலையில் வேலை பார்த்தவர்கள், வயலில் இருந்து வந்தவர்கள் அங்கே கணக்கும் அறிவியலும் படித்துத் தேறிப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு தலைமுறை வேதிப் பொறியாளர்கள் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். இதை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

அதே காலத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. பாதிரியார் மகன், கடைக்காரர் மகள் என்றால் இடம் கிடைப்பது கஷ்டம். பிறப்பை வைத்துப் பார்க்கும் அந்த விதிகள் 1935 கடைசியில்தான் நீங்கின. பாடம் நடத்தும் முறையிலும் சோதனை செய்தார்கள். விரிவுரை பழைய முறை என்று ஒதுக்கிவிட்டு, சில மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, குழுவே சேர்ந்து படிக்கும், குழுவின் சார்பில் ஒருவர் பதில் சொல்வார், மதிப்பெண் எல்லோருக்கும் பொது என்று வைத்தார்கள். என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. படிக்கிறவர் ஒருவர், பட்டம் வாங்குகிறவர் ஐந்து பேர். 1932இல் அதை நிறுத்திவிட்டு விரிவுரையையும் தனித்தனித் தேர்வையும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1930ஐ ஒட்டிப் பல்கலைக்கழகங்களை உடைத்தும் பார்த்தார்கள். வேதியியல் என்பது தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கும் வேலை, அது தொழில் அமைச்சகத்தின் கீழ் இருக்கட்டும் என்று துறைகளைப் பிரித்துத் தனித்தனி நிறுவனங்கள் ஆக்கினார்கள். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வேதியியல் புலம் 1929இல் உருவாகி, அடுத்த ஆண்டே இப்படிக் கலைந்து, 1933இல் மீண்டும் வந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் அவசரத்தில் நடந்த இந்தக் குழப்பத்தைப் படிக்கும்போது, ஆண்டுக்கொரு முறை பாடத்திட்டத்தை மாற்றுகிறவர்கள் மீது எனக்கு இருக்கும் கோபம் இன்னும் கூடுகிறது.

இத்தனைக்கும் பிறகு நிலைத்து நின்ற முறை உறுதியானது. ஐந்து ஆண்டுப் படிப்பு. முதல் ஆண்டில் கனிம வேதியியல், அடுத்து பகுப்பாய்வு, கரிமம், இயற்பியம் என்று வரிசை. ஆய்வகத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஹைட்ரஜன் சல்பைடு வாடையோடு வீட்டுக்குப் போன அனுபவம் நம் ஊர் பி.எஸ்சி. மாணவர்களுக்கும் உண்டு, ஆகவே அந்தப் பகுதி நமக்குப் புதிதல்ல. தேர்வுதான் வேறு மாதிரி. மேசைமேல் சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று கேள்விகள் இருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு, பேராசிரியர் எதிரில் போய் வாயால் பதில் சொல்ல வேண்டும். அவர் விடமாட்டார், நடுவில் வேறு கேள்விகளும் கேட்பார். மதிப்பெண் ஐந்துக்கு. அதை ஒவ்வொரு மாணவரிடமும் இருக்கும் சிறு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தப்பிப்பது அங்கே கஷ்டம். நம் கல்லூரிகளில் வைவா என்று பெயருக்கு இரண்டு நிமிடம் கேட்டு அனுப்பிவிடுகிறோமே, அதைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து, எழுதி, குழுவின் முன் நின்று வாதாடிப் பட்டம் வாங்க வேண்டும். நடுவில் தொழிற்சாலைப் பயிற்சி. செப்டம்பரில் கூட்டுப் பண்ணையில் உருளைக்கிழங்கு தோண்டப் போவதும் இருந்தது. இவற்றோடு கட்சி வரலாறு, இயங்கியல் பொருள்முதல்வாதம், அரசியல் பொருளாதாரம் எல்லாம் கட்டாயப் பாடம். அவற்றில் தேறாமல் வேதியியல் பட்டம் கிடையாது. படித்து முடித்தால் வேலை தேட வேண்டாம். அரசு ஓர் இடத்துக்கு அனுப்பும், மூன்று ஆண்டு அங்கே வேலை செய்தாக வேண்டும். அது யூரல் மலைப்பக்கத்து ஆலையாகவும் இருக்கலாம், சைபீரியப் பள்ளியாகவும் இருக்கலாம்.

எல்லாமே எப்போதும் இலவசம் என்று நம் பக்கம் மேடையில் பேசுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. 1940இல் உயர்கல்விக்குக் கட்டணம் வந்தது, மாஸ்கோ, லெனின்கிராடு போன்ற பெருநகரங்களில் ஆண்டுக்கு 400 ரூபிள், மற்ற இடங்களில் 300. 1956இல்தான் நீக்கினார்கள். மற்றக் காலங்களில் பெரும்பாலும் படிப்பும் இலவசம், நன்றாகப் படித்தால் உதவித்தொகையும் உண்டு என்பது உண்மை, அது சாதாரண விஷயமும் இல்லை.

1953 செப்டம்பர் 1இல் லெனின் குன்றுகளில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. 36 மாடி, 240 மீட்டர். பக்கத்திலேயே வேதியியல் புலத்துக்குத் தனிக் கட்டடம். அதன் ஆய்வகங்களைப் பற்றிப் படித்தபோது பொறாமைப்பட்டேன். கட்டியவர்களில் சிறைக் கைதிகளும் இருந்தார்கள் என்று தெரிந்தபோது அந்தப் பொறாமை போய்விட்டது. அதைத் திட்டமிட்டு நடத்தியதில் 1948 முதல் 1951 வரை துணைவேந்தருக்கு நிகரான பொறுப்பில் இருந்த நெஸ்மேயானோவுக்குப் பெரும் பங்கு. பிறகு பத்து ஆண்டு அறிவியல் கழகத் தலைவர். இந்த மனிதர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ரஷ்யக் குளிரில் சிறுவயதிலிருந்தே கறி தின்ன மறுத்தவர். உயிரைக் கொல்லாமல் மக்களுக்கு உணவு தர வேதியியலால் முடியும் என்று நம்பி, புரதத்திலிருந்து செயற்கை மீன்முட்டை செய்யும் ஆய்வை 1960களில் நடத்திக் காட்டியவர்.

1958இல் குருஷ்சேவ் வேதித் தொழிலை நாட்டின் முதல் வேலை என்று அறிவித்தார். பிளாஸ்டிக், செயற்கை இழை, உரம். மாலை வகுப்புகளும் அஞ்சல்வழிக் கல்வியும் பெருகின. அந்தக் காலத்தின் எண்ணிக்கைப் பெருமையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது 1959இல் தொடங்கிய நோவோசிபிர்ஸ்க் பல்கலைக்கழகம். ஆய்வு நிறுவனங்களுக்கு நடுவில் பல்கலைக்கழகத்தை வைத்து, ஆய்வு செய்கிறவர்களே பாடமும் நடத்த வேண்டும் என்று வைத்தார்கள். அங்கே இயற்கை அறிவியல் புலத்தின் முதல் தலைவர் வோயெவோத்ஸ்கி, சங்கிலி வினைகளுக்காக 1956இல் நோபல் வாங்கிய செமியோனோவின் மாணவர். இங்கே நம்மிடம் ஆய்வு நிறுவனம் ஒரு பக்கம், பட்டப்படிப்புக் கல்லூரி ஒரு பக்கம், இடையில் பாலமே இல்லை.

1951க்குத் திரும்ப ஒரு காரணம் இருக்கிறது. உடனிசைவுக்குத் தீர்மானம் போட்ட அதே ஆண்டில், அதே நாட்டில், பெலவுசோவ் என்ற வேதியியலாளர் ஒரு கரைசலைப் பார்த்துத் திகைத்து நின்றார். சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் உப்பு. உயிரணுக்களுக்குள் நடக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்கு எளிய மாதிரி ஒன்று செய்யப் போனவர் அவர். கரைசல் மஞ்சளானது, நிறமிழந்தது, மறுபடி மஞ்சளானது. தானாகவே மாறி மாறி. இதழுக்கு எழுதி அனுப்பினார். நடக்கவே முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சில ஆண்டு கழித்து மறுபடி அனுப்பினார், மறுபடி மறுப்பு. வேதிவினை சமநிலையை நோக்கி ஒரே திசையில்தான் போகும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. வெறுத்துப்போனவர், கடைசியில் 1959இல் கதிரியக்க மருத்துவச் சுருக்கங்களின் தொகுப்பு ஒன்றில் சிறு குறிப்பாக வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

இதில் கட்சிக்குப் பங்கு இல்லை. மேற்கு நாடு ஒன்றிலும் இதே மறுப்பு வந்திருக்கலாம். ஆனால் அடுத்து நடந்தது சோவியத் பல்கலைக்கழகத்தின் நல்ல பக்கத்தைக் காட்டுகிறது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உயிர் இயற்பியல் பேராசிரியர் ஷ்னோல் இந்தக் குறிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிப் பிடித்து, 1961இல் தன் ஆய்வு மாணவர் ஜாபோடின்ஸ்கியிடம் கொடுத்தார். இளைஞர் சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலத்தைப் போட்டு, விடாமல் அளந்து, வினை உண்மைதான் என்று நிறுவினார். 1968இல் பிராகில் நடந்த கூட்டம் வழியாக உலகம் அறிந்தது. பெலவுசோவ் 1970இல் இறந்தார். 1980இல் அவருக்கும் ஜாபோடின்ஸ்கிக்கும் வேறு மூவருக்கும் லெனின் பரிசு கொடுத்தார்கள். மூத்தவர் ஒருவர் சொன்னதை அதிகாரம் உள்ளவர்கள் மறுத்தார்கள், ஒரு மாணவர் செய்து பார்த்தார், கரைசல் பதில் சொன்னது. சோதனைக்குழாய் முன் நிற்கப் பழக்கிய கல்விக்குத்தான் இந்தப் பெருமை சேர வேண்டும். மாநாட்டுத் தீர்மானத்தால் அந்தக் கரைசலின் நிறத்தை ஒன்றும் செய்திருக்க முடியாது.

உடனிசைவின் மேல் இருந்த இறுக்கமும் ஸ்டாலின் இறந்த பிறகு மெல்லத் தளர்ந்தது. அமெரிக்காவின் ரோல்ட் ஹாஃப்மன் 1960-61இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் தாவிதோவிடம் மாணவராக இருந்துவிட்டுப் போனார். இருபது ஆண்டு கழித்து வேதியியல் நோபல் வாங்கினார். 1964இல் சிர்கினை அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். தியாத்கினாவுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து எழுதிய புத்தகம், இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய அடி.

நம் ஊருக்கும் இந்தக் கல்வியின் ஒரு துண்டு வந்து சேர்ந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் கடைகளிலும் கண்காட்சிகளிலும் மாஸ்கோ மீர் பதிப்பகத்தின் அறிவியல் நூல்கள் கெட்டி அட்டையோடு மலிவு விலைக்குக் கிடைத்தன. மேற்கத்தியப் பாடநூல் வாங்க வசதியில்லாத என் போன்ற மாணவர்கள் கிளிங்காவின் பொது வேதியியலை அங்கேதான் வாங்கினோம். கூச்சமில்லாமல் முதல் படியிலிருந்து தொடங்கி, எதையும் தாவாமல் கையைப் பிடித்துக்கொண்டு போகும் நடை. ரப்ஃபாக் வழியாக வந்த மாணவரை மனத்தில் வைத்து எழுதும் பழக்கம் அந்த நாட்டு ஆசிரியர்களுக்கு இருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது என்பது என் எண்ணம். நான் இன்றைக்கும் சமநிலை மாறிலி நடத்தும்போது அந்த வரிசையில்தான் நடத்துகிறேன்.

கடைசியாக ஒருவர். சிச்சிபாபின். மாஸ்கோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் இருபது ஆண்டு கரிம வேதியியல் நடத்தியவர். 1926இல் முதன்முதலாக லெனின் பரிசு கொடுக்கப்பட்டபோது வாங்கியவர்களில் ஒருவர். அவருடைய கரிம வேதியியல் பாடநூலில் படிக்காத சோவியத் வேதியியல் மாணவர் அந்தத் தலைமுறையில் அபூர்வம். அவருடைய மகளும் வேதியியல் மாணவி. தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் கந்தக அமில விபத்தில் இறந்துபோனாள். திட்டத்தின் அவசரத்தில் ஓடிய ஆலைகளுக்கு மாணவர்களை அனுப்பிய காலம் அது. 1930இல் அவர் மனைவியோடு பாரிசுக்குப் போனார், திரும்பவில்லை. 1936 கடைசியில் அறிவியல் கழக உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கி, அதைத் தொடர்ந்து குடியுரிமையையும் பறித்தார்கள். 1945இல் பாரிசிலேயே இறந்தார். பெயரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது 1990இல். ஆனால் அவருடைய பாடநூலை மட்டும் அவர்களால் விட முடியவில்லை. 1950களிலும் 60களிலும்கூட அவர் பெயரோடுதான் அது புதுப் பதிப்பாக வந்துகொண்டிருந்தது.

பிரிடீனோடு சோடியம் அமைடு சேர்த்தால் 2-அமினோபிரிடீன் கிடைக்கும். 1914இல் அவர் கண்டது. நாம் அதைச் சிச்சிபாபின் வினை என்று ஒரு வரியில் படித்துவிட்டுத் தேர்வில் எழுதிவிட்டு வருகிறோம். நான் அதை நடத்தும்போது அந்த மகளைப் பற்றியும் சொல்கிறேன். என் மாணவர்களில் பலர் விடுமுறையில் சிப்காட் ஆலைகளுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். கண்ணாடியும் கையுறையும் கொடுக்காத இடத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதையும், அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் மதிப்பெண் குறையாது என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.